அழுதால் வெளிச்சம்

ஜூலை 2, புதன்

டியூஷன் சென்டரை மூடியே விட்டார்கள். பெஞ்சுகளை ஒருவர் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த டேப்லெட்களை என்ன செய்வது என்று உரிமையாளரிடம் கேட்டேன். அதெல்லாம் ஓடாது, குப்பையில் போட்டுவிடுங்கள் டீச்சர் என்றார். நான் கட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு டேப். கொரோனா சமயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்புவதற்காக மொத்தமாக வாங்கிய மலிவுச் சரக்கு.

வேலை போன கவலையில் இருக்க வேண்டிய நாள். எனக்கோ பஸ்ஸில் வரும்போதே கை அரித்தது.

ஒன்றில் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. அதைத் தொடவே கூடாது என்று தனியாக வைத்தேன். இரண்டு டேப்கள் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அங்கேயே நிற்கின்றன. மற்ற மூன்றும் எழும்புகின்றன, ஆனால் ஒரு படத்தைத் தொட்டுவிட்டுப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தால்தான் அது திறக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மிச்ச நேரம் முழுக்க டேப்.

என் வீட்டுக்காரர் கேட்டார், ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று. டேப்புக்கு எப்படிக் கண் விழிப்பது, எப்படித் தொடுதலை உணர்வது என்று சொல்லிக்கொடுக்கிற அடிப்படைப் பாடம் அது. இவற்றில் இருக்கிற பாடம் பழசாகிப்போனது, அதை அழித்துவிட்டுப் புதுப் பாடம் ஏற்ற வேண்டும் என்றேன். "தப்பான பாடத்த ஏத்திட்டா?" என்றார். செத்துவிடும் என்றேன். அவர் தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், தப்பு என்றாலே முகம் சுருங்கும். எனக்கு அங்கேதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது.

அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரில் கம்பெனி மூன்று விதமான போர்டுகளைப் போட்டிருக்கிறது. பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து மூடியைத் திறந்து, எறும்பு எழுத்தில் இருக்கும் எண்ணைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். அதே எண்ணுக்கு இந்தோனேசியாவில் யாரோ ஒருவர் இன்டர்நெட்டில் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

ஏறிவிட்டது!

வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே லேப்டாப்பில் ஒயரைச் செருக வேண்டும். சிவப்புக் கோடு ஓடி, மஞ்சள் கோடு ஓடி, கடைசியில் பச்சை வட்டம் வந்தது. மூச்சை விட்டேன். டேப் எழுந்தது. ஆனால் இடது பக்கம் தொட்டால் வலது பக்கம் திறக்கிறது. மேலே தள்ளினால் கீழே போகிறது. இவர் வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். திரை வேறு கம்பெனியுடையதாம். வேறு ஃபைல் தேடி மத்தியானம் மறுபடி ஏற்றினேன். இப்போது தொட்ட இடத்தில் திறக்கிறது, அதுவும் உடனே.

மாலைக்குள் இன்னும் இரண்டு. கம்பெனிப் பெயரோடு நின்றிருந்த இரண்டில் ஒன்றும் பிழைத்துக்கொண்டது. இன்னொன்று கடைசிவரை எழவில்லை. ஆக நான்கு கையில் இருக்கின்றன. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை எனக்கு, நடந்துகொண்டே இருந்தேன்.

ஜூலை 9, புதன்

ஒரு டேப் எதிர்த்த மாவு மில்லுக்குப் போய்விட்டது. கரண்ட் இருக்கிறதா, மில் ஓடுகிறதா என்று பெரிய எழுத்தில் காட்டுகிறது. தெருமுனையில் வரும்போதே பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம்.

இவர் பின்னறை உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டினார். நான் அந்த அறைக்கு இளமஞ்சள் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

தூத்துக்குடியிலிருந்து தம்பி நயினார் வீடியோ கால். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. துறைமுகத்துப் பக்கம் சரக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி மாரிச்செல்விக்கும் கேட்காது. காதுகேளாதோர் சங்கக் கூட்டத்தில் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவர்கள். எங்கள் குடும்பத்தில் அவர்களோடு கைமொழியில் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் அவனும் சின்ன வயதில் அந்த மொழியில் பாதியை நாங்களாகவே உண்டாக்கினோம்.

அவர்கள் பாப்பாவுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. நிறைமதி. முகவாயில் சின்னக் குழி இருப்பதால் அங்கே விரலை வைத்துக் காட்டினால் அதுதான் கைமொழியில் அவள் பெயர். அவளுக்கு நன்றாகக் கேட்கிறது. கதவு அடித்தால் துள்ளுகிறாள்.

செல்விக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் பார்க்க எங்கள் அம்மாதான் அங்கே போய் இருக்கிறாள். ஆவணி பிறந்ததும் பாப்பாவை இங்கே கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து, பேச்சு வரும்வரை நாங்கள் வளர்ப்பது என்று அம்மா முடிவு செய்திருக்கிறாள். அழுதால் கேட்காத வீட்டில் கைப்பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வருவது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். நான் கேட்டு வாங்கவில்லை. அம்மா சொன்னாள், நான் சரி என்றேன். அவ்வளவுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போது நயினார் என் பின்னால் மேஜையில் இருந்த டேப்களைப் பார்த்துவிட்டான். என்ன அவை என்றான். சொன்னேன். பிறகு கேட்டான்: அதில் ஒன்று பாப்பா அழுவதைக் கேட்குமா? கேட்டு எங்களுக்குக் காட்டுமா?

யோசிப்பதற்கு முன்பே என் கை "முடியும்" என்று காட்டிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

முடிகிறது. முதல் டேப் தொட்டில் பக்கத்தில். அதன் மைக்கில் சத்தம் ஒரு அளவைத் தாண்டினால், வீட்டு வைஃபை வழியாக இரண்டாவது டேப்பின் திரை முழுக்க வெள்ளையாக வெட்டி வெட்டி மின்னுகிறது. கண்ணை மூடித் தூங்குகிறவர்களுக்கு வெளிச்சம் போதாதே என்று எங்கள் பழைய போனையும் இதோடு சேர்த்துவிட்டேன். அதைத் துணிப்பட்டையில் வைத்துத் தைத்துக் கையில் கட்டிக்கொண்டால் அழுகைக்கு அதிரும். பாப்பாவைத் தூக்கியதும் முதல் டேப்பை ஒருமுறை தொட்டால் எல்லாம் அணைந்துவிடும்.

நயினார் அனுப்பிய வீடியோவில் பாப்பா அழுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்தேன். மாவு மில்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் குழந்தை என்று கேட்டார். தம்பி பிள்ளை என்றேன். எங்கே என்றார். திரையைக் காட்டினேன்.

ஜூலை 16, புதன்

குக்கர் விசிலுக்கு மின்னுகிறது. பூனைக்கு மின்னுகிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் குரலுக்கும் மின்னுகிறது. அழுகைக்கு மட்டும் மின்ன வேண்டும். விசில் ஒரே மூச்சில் போகிறது. பிள்ளை அழுகை விட்டு விட்டு ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும்படி வைத்தேன். சாயங்காலத்துக்குள் குக்கரும் இரும்புக்காரரும் தோற்றுப்போனார்கள். பூனை இன்னும் ஏமாற்றுகிறது. பாப்பா வீட்டில் பூனை இல்லை.

இவர் சாப்பிடும்போது, பின்னறைக்கு எப்போது பெயின்ட் அடிப்பது என்று கேட்டார். இந்த வாரம் நேரமில்லை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

தூத்துக்குடி போய் மாட்டிவிட்டு வந்தேன்.

செல்வி பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கட்டிலில் படுத்தாள். பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள், அழவே இல்லை. எல்லோரும் அவள் அழட்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் பசி வந்து ஒரு குரல் கொடுத்தாள். செல்வி துள்ளி எழுந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது? தன் பிள்ளை தன்னைக் கூப்பிட்டது அவளுக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை. பாப்பாவைத் தூக்கி, பட்டை கட்டின கையை அவள் முகத்தருகே காட்டினாள்.

அம்மா அசையவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி வடிவு, மிசினு இன்னைக்கு ஓடும். நாளைக்கு நின்னு போச்சுன்னா? பிள்ள தொண்ட கட்டிக் கெடக்கும். நான் எத்தன நாளு இங்க இருக்க முடியும்? மூத்தவ வீட்டுல இருக்கட்டும்னு நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அவகிட்ட எடுத்துச் சொல்லு."

எடுத்துச் சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. செல்வி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அம்மா பக்கம் திரும்பவில்லை. என்னைக் கேட்டாள்: மதினி, உங்களுக்கு என்ன வேண்டும்?

"என்ன சொல்லுதா?" என்றாள் அம்மா.

யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

பின்னறைக்குப் பெயின்ட் அடித்தோம். ஒரு கோட் போதும் போலிருக்கிறது.

ஜூலை 26, சனி

மத்தியானம் அம்மா போன் செய்தாள். கடைக்குப் போய்விட்டு வந்தாளாம். படியேறும்போதே பாப்பாவின் அழுகை கேட்டிருக்கிறது. உள்ளே செல்வி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டை கையில்தான் இருந்தது, அதிரவில்லை. திரை இருட்டு. பாப்பா கத்திக் கத்தி நீலம் பாரித்துப் போயிருந்தாளாம்.

"நான் வரலன்னா என்ன ஆயிருக்கும், சொல்லு" என்றாள். ஆவணி ஒன்றாம் தேதியே வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள்.

செல்வியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நயினாரே பஸ் ஏறி வந்தான். முதல் டேப்பை என் மேஜைமேல் வைத்தான். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டான். செல்வி நேற்றிலிருந்து கண்ணை மூடவில்லை, பாப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்றான். பின்னறைக் கதவு திறந்திருந்தது. தொட்டில் கொக்கியையும் மஞ்சள் சுவரையும் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் போனதும் டேப்பைத் திறந்து பார்த்தேன். உடனே தெரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் உள்ளேயே ஒரு சார்ஜ் மிச்சப்படுத்தும் வேலையை வைத்திருக்கிறான். ரொம்ப நேரம் யாரும் தொடாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் அதுவாகவே நிறுத்திவிடுகிறது. அமைப்புகளில் போய் அணைக்கவும் விடவில்லை. நான் சோதித்தபோதெல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அதனால்தான் பிடிபடவில்லை.

அந்த வேலையை வெட்டி எடுத்த ஃபர்ம்வேர் ஒன்று அதே இந்தோனேசியாக்காரரின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. ஏற்றினால் தீர்ந்தது.

ஜூலை 28, திங்கள்

டேப்பைத் தொடவில்லை. போர்வையெல்லாம் துவைத்துப் போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் தொடவில்லை. சந்தையில் சின்ன வெங்காயம் நன்றாக இருந்தது. பழைய பருத்திச் சேலை ஒன்றைத் தொட்டிலுக்கு இரண்டாக மடித்துத் தைத்தேன்.

ஜூலை 30, புதன்

இவர் வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார், அந்த டேப்பில் என்ன கோளாறு என்று. சின்னக் கோளாறுதான், ஒரு நாள் வேலை என்றேன்.

"அப்ப ஏன் மூணு நாளா சும்மா கெடக்கு?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். தானும் இரண்டு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"எனக்கும் ஆசைதான் வடிவு. அந்த ரூமப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? ஆனா ஒரு டேப் ஓடலங்கதுனால பிள்ள நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு இருக்கக் கூடாது."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் எங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி இவ்வளவு நேராக அவர் பேசியதில்லை. வெங்காயத்தினால்தான் கண் எரிகிறது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

குழம்பைத் தாளித்து இறக்கி வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் டேப்பைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தொடவே இல்லை. சமைத்தேன், குளித்தேன், ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். மத்தியானம் கதவுக்கு வெளியிலிருந்து பாப்பாவின் அழுகையைப் போட்டேன். கையில் கட்டியிருந்த பட்டை அந்த நொடியே அதிர்ந்தது.

நேற்று ஏற்றும்போது பாதியில் கோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான், செத்தது என்று நினைத்தேன். ஒயரை மாற்றி மறுபடி செருகினேன், கோடு ஓடி முடிந்தது. பச்சை வட்டம் வந்ததும் தனியாகக் கை தட்டினேன், அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் விளங்கியது. அது பிழைக்க வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். முதல் டேப் எந்தக் காரணத்தாலாவது நின்றுபோனால், அது நின்றதையே ஒரு அழுகையாக எடுத்துக்கொண்டு இரண்டாவது டேப் மின்னும், பட்டையும் அதிரும். இனிமேல் சொல்லாமல் கொள்ளாமல் இருட்டாக முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு நானும் இவரும் தூத்துக்குடி போனோம்.

டேப்பை மாட்டினேன், அங்கேயே இருந்த இரண்டாவது டேப்பிலும் அதே ஃபர்ம்வேரை ஏற்றினேன். இந்த முறை சோதனை என்று யாரும் காத்திருக்கவில்லை. சாப்பிட்டோம். செல்வி இத்தனை நாள் தூங்காதவள், பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் போய்ப் படுத்ததும் தூங்கிப்போனாள். நயினாரும் இவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அம்மா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பாப்பா அழுதாள். அம்மா அடுப்பை அணைத்தாள், பால் பாத்திரத்தைத் தட்டால் மூடினாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் ஈரக் கையோடு பின்னால் போனேன். அறை வாசலில் அம்மா நின்றுவிட்டாள். செல்வி ஏற்கெனவே பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடி கலைந்து, கண் இன்னும் பாதித் தூக்கத்தில். ஆனால் பிள்ளை அவள் தோளில் இருந்தது.

"நான் அடுப்ப அணச்சிட்டு வாரதுக்குள்ள தூக்கிட்டாளே" என்றாள் அம்மா. என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அதோடு விடவில்லை. நயினார் கீழே வந்ததும் என்னை நடுவில் உட்கார வைத்தாள். அழுகை சரி, பேச்சுக்கு என்ன வழி என்றாள். இந்த வீட்டில் யார் வாயைப் பார்த்து இந்தப் பிள்ளை பேசப் பழகும் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

முதலில் செல்விதான் சொன்னாள்: முதல் மொழி என் கையில் வரும். அடுத்த மொழி கீழ் வீட்டிலும் பால்வாடியிலும் மதினி வாயிலும் வரும். நீங்கள் வாரா வாரம் வந்து பேசுங்கள், பாட்டுப் பாடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதை அம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நயினார் என் தோளைத் தொட்டான். அவன் கை மெதுவாகத்தான் அசைந்தது. நான் பார்த்தேன்.

"என்னட்டி, என்ன சொல்லுதான்?"

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கு முகம் இப்படிப் போகுமா என்றாள். நயினாரும் விடவில்லை. சொல் அக்கா, அப்படியே சொல் என்றான்.

சொன்னேன். "நான் வளந்த வீட்டுல எல்லாருக்கும் காது கேட்டுச்சு. என்கூட யாரு பேசினா? அக்கா மட்டுந்தான் பேசினா. பிள்ளைகிட்ட பேச காது வேணும்னு யாரும் எனக்குச் சொல்லாதீங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா எழுந்து போய்ப் பாலை ஆற்றி எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். நயினாருக்கு முதலில் கொடுத்தாள்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் வாசல்வரை வந்தாள். "பிள்ள தூங்கிட்டான்னு அவகிட்ட எப்படிக் காட்டணும்?" என்று கேட்டாள். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, முகவாயில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா செருப்பு மாட்டும் இடத்திலேயே நின்று இரண்டு தடவை செய்து பார்த்தாள்.

ஆவணி பற்றி அதன்பிறகு அவள் பேச்சே எடுக்கவில்லை. பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

செல்வி எழுதியிருந்தாள்.

"மதினி, அன்றைக்கு நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியும். நீங்கள் அந்த டேப்பை அப்படியே விட்டிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். உங்களிடம் ஒரு டேப் மிச்சம் இருக்கிறதே, அதையும் பாப்பாவின் டேப்போடு சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டிலும் அவள் அழுதால் தெரியட்டும். வெளிச்சம் ரொம்ப நேரம் அணையாவிட்டால் கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் செய்யுங்கள். அத்தை என்று ஒருத்தி இருந்தால் அவளும் எழுந்திருக்க வேண்டும்."

நான்கு தடவை படித்தேன். உடனே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன். தூத்துக்குடியில் கேட்பதை இங்கே காட்ட வேண்டும் என்றால் வீட்டு வைஃபை போதாது, இன்டர்நெட் வழியாகப் போக வேண்டும். செய்ததில்லை. செய்துவிடலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. வாசலில் பெரிய கோலம் போட்டேன்.

ஒரு வாரமாக மல்லுக்கட்டி நேற்றுத்தான் சேர்ந்தது. டேப்பைச் சமையலறையில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். காலையில் ரசத்துக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது திரை பளிச்சென்று வெள்ளையானது. சமையலறைச் சுவரெல்லாம் மின்னியது. அடுப்பை அணைத்துவிட்டேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்திரு செல்வி, எழுந்திரு என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது.

திரை அணைந்தது.

கூடத்திலிருந்து இவர் கேட்டார், என்ன வெளிச்சம், என்ன ஆச்சு என்று.

"பாப்பா அழுதா" என்றேன். "அவ அம்மா தூக்கிட்டா."